பழைய சேலையில் ஒரு பழவேற்காடு!

"என்ன வைத்தியரே, சூரணம், லேகியம் எல்லாம் விட்டுவிட்டு ஊசி நூலைக் கையில் எடுத்துவிட்டீர்கள்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. காரணம் இருக்கிறது.

என் வைத்தியசாலைக்கு வருகிற அறுபது வயது தாண்டியவர்களில் பலர் சொல்லும் குறைகள் மூன்று. "தூக்கம் வரவில்லை. விரல் மடக்க முடியவில்லை. பொழுது போகவில்லை." முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு. மூன்றாவதுக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. அந்த மூன்றாவதுதான் பல வீடுகளில் முதல் இரண்டையும் வளர்த்துவிடுகிறது.

கோட்டைக்குப்பத்தைச் சேர்ந்த ஓர் அம்மா. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்து, மீன் விற்று, பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். இப்போது மகனோடு சென்னையில், நாலாவது மாடியில் இருக்கிறார். நாடி பார்த்தேன், ரத்த அழுத்தம் பார்த்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. "அப்புறம் என்னம்மா தொந்தரவு?" என்றேன். "ஐயா, அங்க ராத்திரி கண்ணை மூடினா ஏரி இருக்கும். இங்க கண்ணை மூடினா செவுருதான் இருக்கு" என்றார். இதற்கு எந்தக் கஷாயத்தை எழுதிக் கொடுப்பது?

மருந்தோடு சேர்த்து ஒரு வேலையும் சொன்னேன். "வீட்டில் இருக்கிற பழைய சேலை, கைலியை எல்லாம் எடுங்கம்மா. உங்க ஏரியைத் துணியிலேயே தைங்க. ராத்திரி அதைப் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க." அந்த அம்மா சிரித்தார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு என்று மகன் சொன்னார். அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களுக்கும் தருகிறேன். உங்கள் ஊர் பழவேற்காடாக இருக்க வேண்டியதில்லை. குற்றாலமோ, கொல்லிமலையோ, தாமிரபரணிக் கரையோ, எதுவாகவும் இருக்கலாம். முறை ஒன்றுதான்.

கந்தையின் பெருமை

பழந்துணிகளை அடுக்கித் தைத்துப் போர்வையாக்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. வங்காளத்தில் இதற்கு 'காந்தா' என்று பெயர். நம்முடைய 'கந்தை'யும் அந்தக் காந்தாவும் உறவுக்காரச் சொற்கள்தான். கர்நாடகத்தில் 'கௌதி', மராட்டியத்தில் 'கோதடி', பீகாரில் 'சுஜனி', ராஜஸ்தானிலும் சிந்துவிலும் 'ரல்லி' என்பார்கள். நம் பாட்டிமார்கள் பழைய நூல் சேலையை நாலாக மடித்துத் தைத்து, பிறந்த குழந்தையைக் கிடத்தினார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். பல துண்டுகளை ஒட்டித் தைப்பதால் நான் இதை ஒட்டுப்போர்வை என்கிறேன்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓர் ஆற்று வளைவுக்குள் ஜீஸ் பெண்ட் என்று ஒரு சிற்றூர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துத் தேய்ந்த உடுப்புகளை வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002இல் ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் அவற்றைக் கண்காட்சியாக வைத்தார்கள். 2006இல் அமெரிக்கத் தபால்துறை அஞ்சல்தலையே வெளியிட்டது. கந்தலுக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள்!

துணிக்கே பேர் போன ஊர்

பழவேற்காட்டுக்கும் துணிக்கும் உள்ள சம்பந்தம் நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரில்தான் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். எதற்காக? துணிக்காக! சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணியை இங்கிருந்து கப்பலில் ஏற்றி, கிழக்கே இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து, மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். அதற்குப் பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போனது.

இந்தப் பக்கத்துக் கட்டம் போட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கிலத்தில் ஊரின் பெயரே பெயரானது. 'புலிகாட்' என்றால் அந்தக் காலத்தில் கட்டம் போட்ட துணி என்று அர்த்தம். இலங்கையில் கட்டம் போட்ட சாரத்தை 'பாலயகாட்' சாரம் என்று சொல்வதும் இந்த ஊர்ப் பெயரால்தான். ஆக, பழவேற்காட்டைத் தைக்க வேண்டுமென்றால் உங்கள் வீட்டுக் கட்டம் போட்ட கைலியை விடப் பொருத்தமான துணி உலகத்திலேயே கிடையாது!

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம்

தைக்கும் முன் இடம் மனதில் பதிய வேண்டும். பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திராவில், தென்பகுதி நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கிழக்கே வங்காள விரிகுடா. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே வேலி போல ஸ்ரீஹரிகோட்டா தீவு. மேற்கே ஆந்திரப் பக்கத்தில் காளாங்கி ஆறும், தெற்கே ஆரணியாறும் நன்னீர் கொண்டுவருகின்றன. பழவேற்காடு ஊருக்கு அருகே முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. நன்னீரும் உப்புநீரும் கலக்கும் இந்தக் கலவையில்தான் இறாலும் மடவையும் நண்டும் வளர்கின்றன.

கோட்டைக்குப்பம் போன்ற மீனவர் குப்பங்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. இருக்கிற மீனைச் சண்டையில்லாமல் பங்கிட்டுக்கொள்ளப் பெரியவர்கள் கண்ட வழி.

முகத்துவாரம் மணல் தூர்ந்து அடைத்துக்கொண்டால் போச்சு! கடல்நீர் வராது, மீன் குஞ்சும் இறால் குஞ்சும் உள்ளே வராது, ஏரி ஆழம் குறையும், குப்பத்தில் அடுப்பு எரிவது சந்தேகம். மனித உடம்பும் இப்படித்தான். மலம், சிறுநீர், தும்மல், கண்ணீர் முதலான பதினான்கு வேகங்களை அடக்கக்கூடாது என்று சித்த மருத்துவம் சொல்கிறது. வழி அடைத்தால் உடம்புக்கும் கேடு, ஏரிக்கும் கேடு. அழுகையும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதை நினைவில் வையுங்கள். பிரிந்து வந்த ஊரை நினைத்து அழ வேண்டுமென்றால் அழுதுவிடுவதும் நல்லதுதான்.

ஏன் பருத்தி?

எங்கள் குணபாட நூல்கள் காய், கீரை, பால், தயிருக்கு மட்டும் குணம் சொல்லி நிறுத்தவில்லை. பாய்க்கும் படுக்கைக்கும் கூடக் குணம் சொல்கின்றன. சித்த மருத்துவக் கணக்கில் வாழ்நாளின் கடைசிப் பகுதி கபத்தின் காலம். அதனால்தான் பெரியவர்களுக்கு மார்கழி, தைப் பனி தாங்குவதில்லை. உடம்பு மூடியிருக்க வேண்டும், ஆனால் வியர்த்து நனையவும் கூடாது.

தூங்கும்போது உடம்பின் உள்வெப்பம் சற்றுக் குறைய வேண்டும். அப்போதுதான் தூக்கம் ஆழமாகும். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், காற்றையும் விடும். பாலியெஸ்டர், நைலான் போர்வைகள் பளபளப்பாக இருக்கும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. அதிலும் பலமுறை துவைத்து மெத்தென்று ஆன நூல் சேலைக்கு இணை கிடையாது. நாலு அடுக்குக்கு இடையில் தங்கும் காற்றுதான் கதகதப்பைக் கொடுக்கிறது.

தேவையானவை

● நடுவில் வைக்கவும் அடியில் வைக்கவும் மூன்று பழைய நூல் சேலைகள்
● மேல் பக்கத்துக்குக் கட்டம் போட்ட பழைய கைலிகள், நீலம், பச்சை, சந்தனம், காவி நிறத் துணிகள்
● கையால் தைக்கும் ஊசிகள், கெட்டியான பருத்தி நூல்
● கத்தரிக்கோல், அங்குல நாடா, 13 அங்குலச் சதுர அட்டை ஒன்று
● தையற்காரர்கள் நடுவிரலில் மாட்டும் உலோகத் தொப்பி

முதல் வேலை, எல்லாத் துணியையும் துவைத்து வெயிலில் காயப்போடுவது. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று சும்மாவா சொன்னார்கள்? பரணில் கிடந்த துணியை அப்படியே உதறினால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அன்றைக்கே இரைப்பு வந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே வைத்து உதறுங்கள்.

சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் தேய்த்துப் பாருங்கள். உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். ஏற்கெனவே சாயமேற்றிய துணிக்கு அது பெரிதாக உதவாது. சாயம் விடும் துணியை, விடுவது நிற்கும்வரை தனியாக அலசுங்கள். நிற்காவிட்டால் அதை விட்டுவிடுங்கள்.

வரைபடம்: ஐந்துக்கு ஏழு

போர்வையின் அளவு 5 அடி அகலம், 7 அடி நீளம். குறுக்கே ஐந்து சதுரம், நெடுக்கே ஏழு சதுரம். மொத்தம் 35. ஒவ்வொன்றையும் 13 அங்குலமாக வெட்டுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலில் போய், 12 அங்குலம் நிற்கும். மேல் பக்கம் வடக்கு, கீழ்ப் பக்கம் தெற்கு.

வலது ஓரம் (7 சதுரம்): வங்கக் கடல். கருநீலம்.

அதற்கு அடுத்த வரிசை (7 சதுரம்): சந்தன நிறத்தில் மணல் திட்டு. மேலிருந்து ஆறாவது சதுரம் மட்டும் நீலம். அதுதான் முகத்துவாரம். இந்தச் சதுரத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்! அது இல்லாவிட்டால் உங்கள் ஏரி செத்த ஏரி.

நடு இரண்டு வரிசைகள் (14 சதுரம்): ஏரி. இங்கேதான் கட்டம் போட்ட கைலிகள். வடக்கே வெளிர் நிறம், தெற்கே வர வர அடர்ந்த நிறம். பதினான்கில் ஒன்று, அதாவது கடைசி வரிசையில் மணல் திட்டுக்கு ஒட்டிய சதுரம், காவி நிறம். அது கோட்டையும் கோட்டைக்குப்பமும்.

இடது ஓரம் (7 சதுரம்): மேற்குக் கரை. பச்சையும் பழுப்பும். கீழ்ச் சதுரத்திலிருந்து ஏரிக்குள் வளைந்து வரும் ஒரு நீலத் துண்டு ஆரணியாறு.

சதுரங்களின் மேல் சின்னச் சின்ன உருவங்களை வெட்டி ஒட்டித் தைக்கலாம். கரையில் பனைமரம் வையுங்கள். பழவேற்காட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகள் பேர் போனவை. ஓலை முடைவது போலக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு நிற நாடாவைக் கோத்தால் அந்தப் பெட்டி வந்துவிடும். மணலில் பரவும் அடும்புக்கொடியின் இலை ஆட்டின் குளம்பு போல இரண்டாகப் பிளந்திருக்கும். வெட்டுவது சுலபம். ஏரியில் பாட்டுக்குக் காத்திருக்கும் படகுகளை வரிசையாக வையுங்கள்.

பூநாரை இல்லாமல் பழவேற்காடா? குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக வரும் அந்தப் பறவை, தலையைக் கவிழ்த்துச் சேற்றுநீரை வடிகட்டித் தின்னும். அதன் இளஞ்சிவப்பு பிறவி நிறம் அல்ல. குஞ்சு சாம்பல் நிறமாகத்தான் இருக்கும். தின்னும் பாசியிலும் சிற்றுயிரிலும் உள்ள கரோட்டினாய்டு நிறச்சத்துதான் இறகில் ஏறுகிறது. கேரட்டிலும் பப்பாளியிலும் முருங்கைக் கீரையிலும் இருக்கிற அதே இனச் சத்து! பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் சொல்லிப் பூநாரை வெட்டச் சொல்லுங்கள். கீரை சாப்பிடச் சொல்லி மிரட்ட வேண்டியிருக்காது.

இரண்டு மண்டலம்

நாங்கள் மருந்துக்கு ஒரு மண்டலம், அதாவது 48 நாள் என்று கணக்கு வைப்பது வழக்கம். இதற்கும் அதே கணக்கு.

முதல் மண்டலத்தில் நாளுக்கு ஒரு சதுரம். வெட்டி, உருவத்தை ஒட்டி, ஓரம் மடித்துத் தைத்தால் 35 நாள். மீதி 13 நாளில் எல்லாவற்றையும் இணையுங்கள். முதலில் குறுக்கு வரிசையாக ஐந்தைந்து இணைத்து, பிறகு ஏழு வரிசைகளையும் இணைத்தால் கோணாது.

இரண்டாவது மண்டலத்தில் அடுக்கித் தையுங்கள். அடித்துணி 64 அங்குல அகலம், 88 அங்குல நீளம் வேண்டும். ஒரு சேலையில் 88 அங்குலம் வீதம் இரண்டு துண்டு வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால் போதும். அதன்மேல் மற்ற இரண்டு சேலைகளையும் இதேபோல் இணைத்து, மேல் பக்கத்தின் அளவுக்கு வெட்டி விரியுங்கள். அதற்குமேல் உங்கள் ஏரி. சுருக்கமில்லாமல் நீவி, பெரிய தையலாக நடுவிலிருந்து ஓரம் நோக்கி டாக் போடுங்கள். பிறகு மூன்று விரற்கடைக்கு ஒரு வரியாக, நாலு அடுக்கும் சேர்ந்து பிடிக்கும்படி ஓட்டுத் தையல் போடுங்கள். ஏரியில் அலை போல, மணலில் நேராக, கரையில் வயல் வரப்பு போல. கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அடித்துணியை மேல் பக்கம் மடித்துத் தைத்தால் ஓரம் தயார்.

டாக் போடுவதும் துவைப்பதும் தனியாகச் செய்யும் வேலை அல்ல. மருமகளையோ பக்கத்து வீட்டு அம்மாவையோ கூப்பிடுங்கள். அதுவும் வைத்தியத்தில் ஒரு பாகம்தான்.

கையும் கண்ணும் கவனம்

● ஒரு நாளைக்கு நாற்பது நிமிடம் போதும். அதையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

● இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, இருபதடி தள்ளி இருக்கும் பொருளை இருபது விநாடி பாருங்கள். வெள்ளெழுத்து உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமல் தைக்கவே கூடாது. பகல் வெளிச்சம் உத்தமம்.

● மடியில் தலையணை வைத்து, துணியைக் கண் அருகே உயர்த்துங்கள். துணியிடம் நீங்கள் குனிந்தால் கழுத்துவலி நிச்சயம்.

● தைத்து முடித்ததும் வெதுவெதுப்பான நீரில் விரல்களைப் பத்து நிமிடம் வைத்து, இளஞ்சூட்டு நல்லெண்ணெய் தடவி, மூடித் திறந்து பழகுங்கள். மூட்டு வீங்கிச் சிவந்திருக்கும் நாட்களில் தைக்க வேண்டாம்.

● சர்க்கரை நோயால் விரல் மரத்தவர்களுக்கு ஊசி குத்துவதே தெரியாது. விரல் தொப்பி கட்டாயம். வேலை முடிந்ததும் விரல் நுனிகளைப் பாருங்கள். வெந்நீரின் சூட்டை வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

● ஊசியை எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். போர்வைக்குள் ஓர் ஊசி தங்கினால் அத்தனை உழைப்பும் வீண்.

யாருக்குப் போர்த்தக்கூடாது?

ஒரு வயது ஆகாத குழந்தை தூங்கும்போது இந்தப் போர்வை வேண்டவே வேண்டாம். முகத்தில் விழுந்தால் தள்ளிவிட அதற்குத் தெரியாது. மூச்சு முட்டும். காய்ச்சல் கண்ட குழந்தையையும் இதில் இறுகப் போர்த்தாதீர்கள். உடம்பின் சூடு வெளியே போக வழி வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம். போர்வையைப் பெட்டியில் வைக்கும்போது அந்துருண்டை போடாதீர்கள். அதில் உள்ள நாப்தலீன், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். பச்சிளம் குழந்தைக்கு மஞ்சள்காமாலை கடுமையாகும். அந்துருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தியதாலேயே இப்படி நேர்வதுண்டு. அந்தக் குறைபாடு இருப்பது பார்த்தால் தெரியாது. அதனால் எல்லா வீட்டுக்கும் இது பொது. பதிலுக்கு, நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி இலை, இரண்டு துண்டு வசம்பு இவற்றைச் சிறு துணிப்பையில் கட்டி, பெட்டியின் மூலையில் வையுங்கள். போர்வைக்குள் வைத்துத் தைக்க வேண்டாம். குழந்தைகள் வாயில் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்வையில் தூசிப்பூச்சி சேராமலிருக்க, துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் அவ்வப்போது துவைக்கலாம். தாங்காதென்றால் சாதாரண நீரில் துவைத்து, நல்ல வெயிலில் இரண்டு பக்கமும் திருப்பிக் காயவையுங்கள். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும்.

இது மருந்தா?

இல்லை. போர்வை தைத்தால் சர்க்கரை குறையும், மூட்டுவலி பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு பிடிக்கவில்லை, வாழ்க்கையே வெறுத்துவிட்டது என்று பெரியவர்கள் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனச்சோர்வு ஒரு நோய். குணப்படுத்தக் கூடிய நோய்.

ஆனால் மருந்து செய்ய முடியாத ஒன்றை இந்தக் கைவேலை செய்யும். 'எனக்கு இனி என்ன வேலை?' என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். தினமும் ஒரு சதுரம் முடிகிறது. நாளைக்கு ஒரு சதுரம் காத்திருக்கிறது. தைக்கும்போது பெரியவர் வாயிலிருந்து ஊரும் உறவும் தானாக வெளியே வரும். "இந்த இடத்துலதான் உங்க தாத்தா வலை கட்டுவாரு" என்று பாட்டி காட்டும்போது, நாலாவது மாடியில் பிறந்த பேரனுக்கும் ஓர் ஏரி கிடைக்கிறது. நாளைக்கு முகத்துவாரம் தூர்ந்தது என்று செய்தி வந்தால், அவன் அதை யாரோ ஒருவர் ஊர்ச் செய்தியாகப் படிக்க மாட்டான். தன் போர்வையின் ஆறாவது சதுரம் அவன் நினைவுக்கு வரும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறங்கள். பாத்திரக்காரருக்குப் போட எடுத்துவைத்த பழைய நூல் சேலைகளை வெளியே எடுங்கள். வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்குப் பிடிச்ச இடம் எதும்மா?" அவர் சொல்லச் சொல்ல ஒரு தாளில் கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். பனிக்காலம் வருவதற்குள் போர்வை தயாராகிவிடும்!